‘இம்யூனிட்டி’ ஆல்பத்தைக் கழட்டிப் பார்த்தேன்

அமெரிக்கப் பாடகி க்ளைரோவோட முதல் ஆல்பம் ‘இம்யூனிட்டி’ வந்தது 2019 ஆகஸ்ட்ல, மொத்தம் 11 பாட்டு. என் காதுக்கு வந்து சேர்ந்தது அதுக்கப்புறம் ரொம்ப நாள் கழிச்சுதான். வேற எதையோ கேட்டுட்டு இருந்தப்ப ஆப் தானா ‘பேக்ஸ்’ங்கற பாட்டுக்குத் தாவுச்சு, கையில இருந்த வேலைய நிறுத்திட்டு அத முழுசாக் கேட்டேன், அப்புறம் ஆல்பத்த முதல்ல இருந்து போட்டேன். எங்கயும் குரல் உயரல, எந்த வாத்தியமும் முன்னாடி வந்து நிக்கல, ஆனாலும் காத எடுக்க முடியல. குரல் மட்டும் கன்னத்துக்குப் பக்கத்துல, மத்ததெல்லாம் அடுத்த ரூம்ல. இந்தக் கிறக்கம் எங்க இருந்து வருதுன்னு கண்டுபிடிச்சே ஆகணும்னு தோணுச்சு. அதனால அந்தப் பாட்டுகள காப்பி அடிக்காம, அதே மாதிரி சாமான்கள வச்சு சொந்தமா ஒரு சின்ன டெமோ பண்ணிப் பாத்தேன். பண்ணப் பண்ண ஆல்பம் எனக்கு வேற மாதிரி கேக்க ஆரம்பிச்சுது, அதத்தான் இங்க எழுதுறேன்.

பெட்ரூம் பாப்னு சொன்னா வீட்டு ரூம்ல உக்காந்து லேப்டாப்ல பண்றதுன்னுதான் எல்லாரும் நினைப்போம், க்ளைரோ விஷயத்துல அது உண்மையும் கூட, 2017ல அவங்களப் பிரபலமாக்கின ‘ப்ரிட்டி கேர்ள்’ வீடியோ வெறும் வெப்கேம்ல எடுத்ததுதான். ஆனா ‘இம்யூனிட்டி’ அப்படி வந்தது இல்ல. ராஸ்டம் பட்மாங்லிஜ் கூடச் சேர்ந்து தயாரிச்சாங்க, வேம்பயர் வீக்எண்ட் பேண்ட்ல இருந்தவர், நல்ல காது உள்ள ஆளு. சில பாட்டுல ட்ரம்ஸ் வாசிச்சது ஹைம் பேண்டோட டேனியல் ஹைம். அதே 2019ல பில்லி ஐலிஷோட முதல் ஆல்பம் வந்துச்சு, அத நிஜமாவே அண்ணன் ஃபினியஸோட பெட்ரூம்லதான் ரெக்கார்ட் பண்ணாங்க, ஆனா அதக் கேட்டா பெட்ரூம் ஞாபகமே வராது, பாஸ் வந்து நெஞ்சுல இடிக்கும். அப்ப ரெக்கார்ட் பண்ற இடம் முக்கியம் இல்லைன்னு ஆகுது. கேக்கறவங்களுக்கு ரூம்குள்ள இருக்கிற உணர்வ வேற ஏதோ ஒண்ணு குடுக்குது. எனக்குத் தேவைப்பட்டது அந்த ஏதோ ஒண்ணு.

சாமான்னு பெருசா ஒண்ணும் இல்ல. லேப்டாப், மைக்கையும் கிட்டாரையும் லேப்டாப்போட இணைக்கிற ரெண்டு இன்புட் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு எஸ்எம்58 மைக், ஒரு எலக்ட்ரிக் கிட்டார், சின்ன மிடி கீபோர்டு, மூடின டைப் ஹெட்ஃபோன், அப்புறம் ரெக்கார்ட் பட்டன் இன்னும் வேலை செய்யற ஒரு பழைய கேசட் டெக். ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் ரீப்பர். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். 24 பிட்டுன்னா மெதுவாப் பாடி லெவல் கம்மியா வச்சாலும் பயம் இல்ல, அப்புறமா ஏத்திக்கலாம்.

ரெக்கார்டிங் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஆல்பத்தையே கழட்டிப் பாத்தேன். ஸ்டீரியோ பாட்டுல வலது பக்க அலையத் தலைகீழாத் திருப்பி இடது பக்கத்தோட கூட்டினா, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற சத்தம் எல்லாம் ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கிட்டு காணாமப் போயிடும். பொதுவா நடுவுல வைக்கிற லீட் குரல் (முக்கியமான குரல்), பாஸ், ட்ரம்ஸோட கிக், ஸ்னேர் எல்லாம் போயிடும், ஓரத்துல விரிச்சு வச்சதும் ரிவர்ப்னு சொல்ற ஸ்டீரியோ எதிரொலியும்தான் மிஞ்சும். சுருக்கறப்ப எதையும் இழக்காத லாஸ்லெஸ் ஃபைல்ல செய்யணும், எம்பி3ல செஞ்சா சலசலன்னு ஒரு அழுக்கு வந்து ஒண்ணும் புரியாது. இப்படிக் கேக்கறப்ப குரலோட உடம்பு போயிட்டு அதோட நிழல் மட்டும் ஓடுது பாருங்க, அங்கதான் எனக்கு முதல் துப்பு கிடைச்சுது. நான் நினைச்சத விட அந்த நிழல் மெலிசா இருந்துச்சு. கனவு மாதிரி கேக்கற பாட்டுன்னா குரல்ல ரிவர்ப கொட்டி வச்சிருப்பாங்கன்னு நானும் நம்பிட்டு இருந்தேன், ஆனா நடுவுல இருக்கிற குரல் கிட்டத்தட்ட காஞ்சுதான், அதாவது ரிவர்ப் இல்லாமதான் இருக்கு, ஈரம் எல்லாம் சுத்தி இருக்கிறதுலதான்.

இந்த ஒரு விஷயத்துலதான் நான் ரொம்ப நேரம் செலவு பண்ணேன். ஒரு சத்தம் கிட்ட இருக்கா தூரத்துல இருக்கான்னு நம்ம காது எப்படிக் கண்டுபிடிக்குது? சத்தத்தோட அளவு ஒரு காரணம். தூரம் போகப் போக காத்து மேல் அலைகள முதல்ல சாப்பிட்டுடும், அதனால தூரத்துச் சத்தம் மங்கலா வரும், இது இன்னொண்ணு. நேரா வர்ற சத்தம் எவ்வளவு, சுவத்துல பட்டு வர்றது எவ்வளவுங்கற விகிதம் இருக்கு. அப்புறம் நேர் சத்தத்துக்கும் முதல் எதிரொலிக்கும் நடுவுல உள்ள இடைவெளி, ஆளு பக்கத்துல நின்னு பேசினா குரல் உடனே வந்துடும், சுவத்துக்குப் போயி திரும்புறது கொஞ்சம் லேட் ஆகும், ஆளே சுவர்கிட்ட நின்னா ரெண்டும் சேந்தே வரும். ரிவர்ப் ப்ளக்-இன்ல, அதாவது சாஃப்ட்வேருக்குள்ள சேக்கற எஃபெக்ட்ல, ப்ரீ-டிலேன்னு ஒரு திருகு இருக்கே, அது இந்த இடைவெளிதான். குரலுக்கு 60 மில்லிசெகண்ட் ப்ரீ-டிலே வச்சு, ரிவர்ப்ல 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலயும் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழயும் வெட்டி, ரொம்பக் கொஞ்சமா கலந்தேன். கீபோர்டுக்கு நேர் எதிர், ப்ரீ-டிலே பூஜ்யம், ரிவர்ப் தாராளம், 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல எல்லாத்தையும் இறக்கியாச்சு. ரெண்டையும் சேத்து ஓட்டினதும் ரூம் திடீர்னு நீளமாச்சு! குரல் இருந்த இடத்துலயே இருக்கு, கீபோர்டு மட்டும் பின்னாடி பின்னாடி போகுது. குரலையும் ரிவர்ப்ல முக்கிப் பாத்தேன், எல்லாமே தூரம் போயிடுச்சு, கிறக்கமும் போயிடுச்சு. கிட்டன்னு ஒண்ணு இருந்தாதான் தூரம் தூரமாத் தெரியும். ‘இம்யூனிட்டி’ முழுக்க இந்த இடைவெளிய எவ்வளவு பொறுமையாக் காப்பாத்திருக்காங்கன்னு அப்பதான் புரிஞ்சுது.

அடுத்து குரல். மெல்லப் பாடறது சுலபம்னு தோணும், ரெக்கார்ட் பண்ணா தெரியும் எவ்வளவு கஷ்டம்னு. எஸ்எம்58 டைனமிக் மைக், சென்சிட்டிவிட்டி கம்மி, முணுமுணுக்கற குரலுக்கு கெயின, அதாவது மைக் சத்தத்த ஏத்தற திருக, கிட்டத்தட்ட கடைசி வரைக்கும் திருப்ப வேண்டியிருந்துச்சு, அப்ப ஃபேன் சத்தம், லேப்டாப் சத்தம், நாற்காலி கிறீச் எல்லாம் கூடவே வந்துடும். ஃபேன நிறுத்தினேன், துணி அடைச்ச அலமாரியத் திறந்து அதுக்கு நேரா நின்னு பாடினேன், துணி நல்லா சத்தத்த உறிஞ்சும், மைக்குக்குப் பின்னாடி ஒரு கனமான போர்வை. உதட்டுக்கும் மைக்குக்கும் நடுவுல நாலு விரல் தூரம். இவ்வளவு கிட்டப் போனா இந்த மாதிரி மைக்ல அடி அலைகள் தானா பெருசாகும், ப்ராக்ஸிமிட்டி எஃபெக்ட்னு சொல்லுவாங்க, ரேடியோவுல பேசறவங்க குரல் அவ்வளவு கனமா கேக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம். எனக்கு அந்தக் கனம் வேணும், ஆனா முழுசா வேண்டாம், அதனால 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டினேன், 250 பக்கத்துல கொஞ்சம் இறக்கினேன். ப, ப்ப வர்ற இடத்துல காத்து மைக்ல இடிக்காம இருக்க மைக்க வாய்க்கு நேரா வைக்காம லேசா சாச்சு வச்சேன்.

மூச்சு சத்தத்த எடுக்கவே இல்ல. சத்தத்தோட ஏத்த இறக்கத்த அமுக்கற கம்ப்ரசர் ரெண்டு வச்சு, ரெண்டும் கொஞ்சம் கொஞ்சமா அமுக்கற மாதிரி செட் பண்ணா, மெல்லிசாப் பாடின எழுத்தும் மேல வரும், மூச்சும் மேல வரும். ஒருத்தர் மூச்சு விடுறது காதுல கேக்குதுன்னா அவங்க ரொம்பப் பக்கத்துல இருக்காங்கன்னுதானே மூளை எடுத்துக்கும், வேற எப்பவுமே அது கேக்காதே. பாட்டு எவ்வளவு மெதுவாப் பாடப்பட்டதுங்கறதுக்கும் எல்லா ட்ராக்கையும் கலக்கற மிக்ஸ்ல எவ்வளவு சத்தமா வச்சிருக்காங்கங்கறதுக்கும் உள்ள முரண்தான் இந்த வகைப் பாட்டோட உயிர்னு நான் உறுதியா நம்புறேன். முணுமுணுப்பு ட்ரம்ஸ விட சத்தமாக் கேக்கறது இயற்கையில நடக்கவே நடக்காது, கனவுலதான் நடக்கும்.

அப்புறம் டபுள். அதே வரிய மறுபடி பாடி ஒண்ண இடது ஓரம், ஒண்ண வலது ஓரம் வச்சு, லீடுக்குக் கீழ ரொம்ப இறக்கிக் கலக்கணும். ரெண்டு டேக்கும் நேரத்துலயும் சுருதியிலயும் முடியளவு மாறும், அந்த மாறுதல்தான் குரலுக்கு ஒரு மெத்தைய விரிக்குது. செய்யறவங்களுக்கு ஒரு விஷயம் சொல்றேன், டபுள் பாடறப்ப ஸ, ச, ட் மாதிரி கூர்மையான எழுத்துகள வேணும்னே மழுப்பிப் பாடுங்க, இல்லைன்னா அந்த இடத்துல மட்டும் வால்யூம இறக்குங்க. மூணு குரல்லயும் ‘ஸ்’ வேற வேற நேரத்துல வந்தா சர்சர்னு சிதறும், லீட்ல மட்டும் இருந்தா ஒரே ஆளு அகலமாப் பாடற மாதிரி இருக்கும். ரெண்டு தரம் பாடறது அலுப்புன்னு ஜான் லெனன் புலம்பினதாலதான் 1966ல அபே ரோட் ஸ்டுடியோவுல கென் டவுன்ஸெண்ட் டேப் மெஷினையே வச்சு தானா டபுள் ஆகற வழியக் கண்டுபிடிச்சார், ஏடிடின்னு பேரு. நானும் ப்ளக்-இன்ல அத வச்சுப் பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா கையால ரெண்டு தரம் பாடினதுல இருக்கிற கூச்சம் அதுல வரல. இந்த வகைப் பாட்டுக்கு அந்தக் கூச்சம் வேணும்.

கிட்டாருக்கு கோரஸ்ங்கற எஃபெக்ட். வேலை செய்யற விதம் ஏடிடிக்கு சொந்தக்காரன் மாதிரிதான், சத்தத்துல ஒரு நகல எடுத்து 20 மில்லிசெகண்ட் மாதிரி தள்ளி வச்சு, அந்தத் தள்ளல மெதுவா கூட்டிக் குறைச்சுட்டே இருக்கும். தள்ளல் மாறறப்ப நகலோட சுருதி லேசா ஏறி இறங்கும், ஒரிஜினலோட சேந்தா மினுமினுன்னு அலையும். ரோலண்ட் ஜேசி-120 ஆம்ப்ல 1975ல வந்தது, மறு வருஷம் பாஸ் (Boss) கம்பெனியோட சிஇ-1 பெடலாவும் வந்துச்சு, இன்னைக்கு வரைக்கும் ட்ரீமின்னு சொல்ற கிட்டார்ல பாதி அந்த யோசனைலதான் ஓடுது. வேகம் ரொம்பக் கம்மியா, ரெண்டு செகண்டுக்கு ஒரு சுத்து மாதிரி வச்சேன். அதுக்கு மேல வேகம் கூட்டினா தலை சுத்துது.

கார்டு விஷயத்துல மேஜர் செவன்த்தான் முக்கியம். ஸ, அந்தர காந்தாரம், ப மூணும் சேந்த சாதா மேஜர் கார்டு மேல காகலி நிஷாதத்த வைங்க, அவ்வளவுதான். அந்த நி மேல் ஸவத் தொட அரை ஸ்வரம்தான் பாக்கி, தொடணும்னு ஏங்கும், ஆனா யாரும் தொட விடமாட்டாங்க, அடுத்த கார்டுக்குப் போயிடுவாங்க. சந்தோஷம்னும் சொல்ல முடியாது சோகம்னும் சொல்ல முடியாது. ரெண்டு மேஜர் செவன்த் கார்ட மாத்தி மாத்தி வாசிச்சாலே ஒரு பாட்டு கிடைச்சுடும், நான் அதத்தான் பண்ணேன்.

ட்ரம்ஸ்ல அதிகம் சொல்ல ஒண்ணும் இல்ல. மெஷின் சாம்பிள், கிக்கும் ஸ்னேரும் மட்டும், ஸ்னேர ஒரு பத்து மில்லிசெகண்ட் பின்னாடி இழுத்து வச்சேன், சோம்பலா விழும். ஹை-ஹாட்ட கையால தட்டினேன்.

கேசட் வேலைதான் ரொம்ப ரசிச்சுப் பண்ணது. வீட்டு ரெக்கார்டிங்கோட வேரே கேசட்லதான் இருக்கு, டாஸ்கம் 1979ல போர்டாஸ்டுடியோ 144ன்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, சாதாரண கேசட்லயே நாலு ட்ராக் தனித்தனியா ரெக்கார்ட் பண்ணலாம், டேப் ரெட்டை வேகத்துல ஓடும். 1982ல ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீனோட ‘நெப்ராஸ்கா’ அந்த மெஷின்லதான் பதிவாச்சு, டெமோன்னு நினைச்சுப் பண்ணது அப்படியே ஆல்பமா வந்துடுச்சு. எங்கிட்ட இருக்கிறது சாதா டெக், அதனால கீபோர்டு ட்ராக்க மட்டும் லேப்டாப்ல இருந்து டெக்குக்கு அனுப்பி ரெக்கார்ட் பண்ணி, அங்க இருந்து திரும்ப இன்டர்ஃபேஸுக்குக் கொண்டு வந்தேன். டேப்ல மேல் அலைகள் தானா உருண்டு மழுங்குது, அதோட சுருதியும் லேசா ஆடுது. மெதுவா ஆடினா வாவ், வேகமா நடுங்கினா ஃப்ளட்டர்னு சொல்லுவாங்க, ரெண்டும் மோட்டார், ரப்பர் பெல்ட் மாதிரி சுத்தற பாகங்கள் ஒரே சீரா சுத்தாததால வர்றது.

பிரச்சனை என்னன்னா டெக்கோட வேகம் லேப்டாப்போட கடிகாரத்தோட ஒத்துப்போகாது. வேகம் 1 சதவீதம் மாறினாலே மூணு நிமிஷப் பாட்டு முடியறப்ப கிட்டத்தட்ட 2 செகண்ட் தள்ளிப் போயிடும், சுருதியும் ஒரு செமிடோன்ல ஆறுல ஒரு பங்கு விலகும். சுருதி விலகல விட்டுட்டேன், கிட்டாரோட உரசறது அழகா இருந்துச்சு. நேரத்துக்கு வழி, முழுப் பாட்டையும் ஒரே மூச்சுல அனுப்பாம நாலு நாலு பார், அதாவது நாலு நாலு தாள வட்டமா வெட்டி, ஒவ்வொரு துண்டோட முதல் நோட்டையும் சாஃப்ட்வேரோட தாளக் கட்டத்துல பொருத்தி வைக்கறது. துண்டுக்குத் துண்டு சேர்ற இடத்துல ஒண்ணு தேய இன்னொண்ணு ஏறற மாதிரி சின்னதா க்ராஸ்ஃபேட் போட்டா தெரியாது. நிதானமா செய்ய வேண்டிய வேலை, ஹெட்ஃபோன மாட்டிட்டு உக்காந்தா நேரம் போறதே தெரியல. முடிச்சுக் கேட்டப்ப ப்ளக்-இன்ல வர்ற டேப் ஆட்டத்துக்கும் இதுக்கும் இருந்த வித்தியாசம் நல்லாவே கேட்டுச்சு. நான் வச்சிருந்த ப்ளக்-இன் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப ஆடுது, டெக் அடுத்து எப்ப ஆடும்னு சொல்ல முடியல.

மிக்ஸ ஆல்பத்தோட ஒப்பிடறப்ப ஒண்ணு கவனிக்கணும், வெளிவந்த பாட்டு மாஸ்டரிங்ங்கற கடைசிக் கட்ட மெருகு முடிஞ்சு சத்தமா இருக்கும், சத்தமா இருக்கறது காதுக்கு எப்பவும் நல்லாவும் இருக்கும், அதனால ஆல்பத்து ட்ராக்க என் மிக்ஸ் அளவுக்கு இறக்கி வச்சுட்டுதான் மாறி மாறிக் கேட்டேன். அப்படிக் கேட்டப்ப டெமோ இன்னும் இருட்டா இருந்துச்சு, குரல்ல மட்டும் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல கொஞ்சம் ஏத்தினேன், உதடு பிரியற சத்தம் வரைக்கும் கேக்குது இப்ப. வேற எதுலயும் அந்த வெளிச்சத்த ஏத்தல.

இதெல்லாம் கையால செஞ்ச பிறகு ‘இம்யூனிட்டி’ய மறுபடி முதல்ல இருந்து கேட்டேன். ‘பேக்ஸ்’ல குரல் எங்கயும் கெஞ்சல, சொல்ல வந்தத முழுசா சொல்லாம நிறுத்திக்குது, ட்ரம்ஸ் மட்டும் சீரா நடந்துட்டே இருக்கு. முன்னாடி எனக்கு அது பின்னணித் தாளம், இப்ப அதுதான் குரல் சொல்லாம விட்டத சுமந்துட்டு போகுதுன்னு கேக்குது. ‘சோஃபியா’ல ஒரு இடத்துல சத்தம் வேணும்னே கரகரன்னு உடையும், ஸ்பீக்கர் போயிடுச்சோன்னு பாத்த இடம் அது, இப்ப அங்க என்ன நடக்குதுன்னு புரியுது, அவ்வளவு நேரம் காப்பாத்தி வச்ச தூரத்த அந்த ஒரு இடத்துல உடைச்சு எல்லாத்தையும் முகத்துக்கு நேரா கொண்டு வர்றாங்க. காதல்ல விழுந்தத வெளிய சொல்ற பாட்டுக்கு இத விட சரியான இடம் கிடையாது.

கடைசிப் பாட்டு ‘ஐ வுடண்ட் ஆஸ்க் யூ’ கிட்டத்தட்ட ஏழு நிமிஷம். பியானோவும் குரலுமா ரொம்ப மெதுவா ஆரம்பிக்குது, பாதி தாண்டினதும் தாளம் உள்ள வந்து வேற ஒரு பாட்டா மாறுது. முதல் தடவை அந்த முதல் பாதிய நான் பொறுமையில்லாம தாண்டிட்டுப் போனேன்ங்கறவங்க யாராவது இருந்தா, ஹெட்ஃபோன்ல, வால்யூம கம்மியா வச்சு, முழுசாக் கேளுங்க. இருபதே வயசுல, முதல் ஆல்பத்துலயே, கேக்கறவங்க அவ்வளவு நேரம் காத்திருப்பாங்கன்னு ஒருத்தர் நம்பியிருக்காங்க. அந்த நம்பிக்கை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.

என் டெமோ இப்ப ரெண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல இருக்கு, ரெண்டே கார்டு, மூணு குரல், ஒரு கேசட் கீபோர்டு. அடுத்து கிட்டாரையும் டெக் வழியா அனுப்பிப் பாக்கணும், ஆனா கீபோர்டும் கிட்டாரும் ரெண்டும் ஆடினா சுருதிக்குப் பிடிமானம் எதுவும் இருக்காது, அதனால அதுக்கு முன்னாடி பாஸ நேரா, எந்த எஃபெக்டும் இல்லாம வாசிச்சு ரெக்கார்ட் பண்ணிடணும்.